சிவப்புத் துணி கட்டிய நாவல் மரம்

எங்கள் பூங்காவுக்குப் புதிதாகக் காவல் வேலைக்கு வரும் வாட்சர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அன்று அங்கே நின்றது நான்தானே.

பதுளையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேயிலைத் தோட்டத்துச் சனம் வேன் பிடித்துப் பூங்காவுக்கு வந்து இறங்கும். சோற்றுச் சட்டி, பாய், பந்து, கைப்பிள்ளை எல்லாம் கூடவே வரும். அன்று காலை பிக்னிக் பகுதியைக் கூட்டும்போது அண்ணாந்து பார்த்தேன். பழைய நாவல் மரத்தின் கவட்டில் பானை அளவுக்கு ஒரு குளவிக்கூடு. இந்த வேலைக்கு முன்னால் நான் மலையில் கொழுந்து எடுத்தவள். பக்கத்து நிரையில் நின்ற அக்கா, குளவி கொட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனாள்.

சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்து மனுசன், நல்லவர்தான்.

"பூங்காவை மூடிருவோமா சேர்?"

"ஒரு மரத்துக்காகப் பூங்காவைப் பூட்டேலாது. பொழுதுபட ஆக்கள் வந்து கூட்டை எடுப்பினம். அதுவரைக்கும் மரத்தில சிவப்பா ஏதும் கட்டிவிடுங்கோ. பாத்தா ஆபத்தெண்டு விளங்கும்தானே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஸ்டோரில் கிடந்த சிவப்புத் துணியை அடிமரத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வந்தவர்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பிறகு வாசல் கேட்டில் இரண்டு வேன்காரர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், நாவல் மரத்தடியில் ஒரே கூட்டம்.

சிவப்புத் துணியைச் சுற்றிப் பூ வைத்திருந்தார்கள். வேரில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். ஐயோ, எங்கள் சனம் சிவப்புத் துணி கட்டிய மரத்தைக் கண்டால் வேறு என்ன செய்யும்! சாமி மரம் என்றே நினைத்துவிட்டார்கள். சாம்பிராணிப் புகை நேரே கவட்டுக்கு ஏறியது. தாழ்ந்த கிளையில் சேலைத் தொட்டில் கட்டி ஒரு பிள்ளையைத் தூங்கப் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தேங்காயை ஓங்கிவிட்டார்.

கத்தினால் எல்லாரும் ஓடுவார்கள். ஓடினால் குளவி கிளம்பிவிடும், பிள்ளை தொட்டிலிலேயே கிடக்கும். மேலே ஏற்கனவே இரைச்சல் கேட்டது. மெதுவாக நடந்துபோய், மரத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு பெரியவர் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, தேங்கா ஒடைக்காதீங்க. இந்தச் சாமிக்குச் சத்தம் ஆகாதுங்க."

ஓங்கிய கை இறங்கியது. "அப்படிங்களா? தெரியாதுங்களே."

"சாம்பிராணியும் ஆகாது. மண்ணப் போட்டு அணைச்சிருங்க. எல்லாரும் பேசாம அந்த ஹோல் பக்கம் போங்க."

தொட்டில் பக்கத்தில் நின்ற தாயிடம், "தங்கச்சி, பிள்ளைய எடு. அழுதிச்சின்னா பால் குடு. மேல பாக்காத, ஓடாத," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கேள்வி கேட்காமல் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். ஒரு குளவி வந்து என் கழுத்தில் கொட்டியது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் பெரியவர் கேட்டார்: "அது என்ன சாமிங்க, தங்கச்சி?"

ஜன்னல் வழியாகக் கவட்டைக் காட்டினேன். மனுசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், என்ன வெட்கம்!

பொழுதுபட ஆட்கள் வந்து கூட்டை எடுத்தார்கள். நான் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். இப்போது எச்சரிக்கை என்றால் மரத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, கூட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தொங்கவிடுகிறோம். எதைக் கட்டுவதானாலும், வருகிற சனம் அதை என்னவென்று எடுக்கும் என்று முதலில் யோசியுங்கள், பிள்ளைகளே.

அடுத்த மாதம் அந்தத் தாய் பிள்ளையோடு வந்தாள். நாவல் மரத்தில் புதுச் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினாள். "நேத்திக்கடன் அக்கா," என்றாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இதை அவிழ்க்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இது நிசமாவே சாமிக்குக் கட்டினது சேர்," என்றேன். அவர் செருப்பைக் கழற்றினார்.