எனக்கு அடித்த துக்க மணி

எங்கள் ஊர்க் கோயில் மணிக்கு வரலாறு எழுதி விழா மலர் போடுகிறார்களாம். போடியிலிருந்து மாட்டு வண்டியில் மணி வந்த கதை, மலை வேலைக்குப் போகிற பெண்களை அது விடியுமுன் எழுப்பிய கதை எல்லாம் வரும். உயிரோடு இருந்த எனக்குத் துக்க மணி அடித்த கதை வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

துக்க மணிக்கு எங்கள் ஊரில் முறை உண்டு. ஒற்றை ஒற்றையாக அடித்தால் ஆண், இரண்டிரண்டாக அடித்தால் பெண். முதல் இழுப்பு செத்தவர் வீட்டு ஆள் கையால்தான். பிறகுதான் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை கயிற்றை வாங்கி அடிப்பார்.

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நான் கட்டிக்கொண்டதோ போடியில் ஜீப்பு ஓட்டுகிற ஓர் இந்துவை. கல்யாணமான மறு வாரமே பழையபடி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். காய் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே மணி கேட்டது. இரண்டிரண்டு.

"மேட்டு வீட்டுக் கெழவியாத்தேன் இருக்கும். போன வாரமே இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

வழக்கப்படி கூடையை இறக்கி வைத்தேன். சிலுவை போட்டு, செத்த ஆத்துமாவுக்காக வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் உருக்கமாகவே வேண்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். சாயங்காலம் துக்கம் கேட்க ஊரில் ஜீப்பை விட்டு இறங்கினால், டீக்கடை வாசலில் அந்தக் கிழவி குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"மணி ஒனக்குத்தேன் ஆத்தா" என்றாள்.

அப்பாவை அன்றே வெறுத்தேன். வீட்டில் இருந்தது அவரும் அம்மாவும் மட்டும்தான். அம்மா சந்தைக்கு வருகிற சாக்கில் போடி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்ப்பாள். "ஒங்கப்பாதேன் கயித்த இழுத்தாரு. நான் கால்ல விழுந்து கெஞ்சுனேன்" என்று அழுவாள். என்னைச் சாகடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. இத்தனை வருஷத்தை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

இந்த வருஷம் அம்மா செத்துப்போனாள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், சந்தைக்கு வந்த ஊர்க்காரி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். அடித்துப் பிடித்துப் போய் அப்பா முன்னால் நின்றேன்.

"எனக்கு ஏன் சொல்லி விடல?"

"செத்தவளுக்கு ஆரு போய்ச் சொல்லுவா?"

"என்னையச் சாகடிச்சது நீங்க. அம்மா இல்ல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் கோயிலுக்கே போகல. எனக்குக் கை வரல. வெரசாப் போயி இழுத்துட்டு வந்தது ஒங்கம்மாதேன்" என்றார்.

பொய் என்று கத்தினேன். கத்தும்போதே யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். கோயில்பிள்ளை செத்துப் பல வருஷமாகிறது. இரண்டு பேரில் ஒருவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டில் ஒருவர் இப்போது மண்ணுக்குள்.

அம்மா கல்லறையில் விழுந்து அழத்தான் போனேன். கல்லறைப் பக்கமே போகாமல் பஸ்சு ஏறிவிட்டேன்.