தேதி போடாத பேனர்

எங்கள் அப்பா வேம்புலியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணையத்தில் கட்டி. முற்றிவிட்டது, அறுக்க முடியாது என்று டாக்டர் வராந்தாவில் வைத்து அம்மாவிடமும் தங்கை கவிப்பிரியாவிடமும் சொன்னார். உள்ளே போய் அம்மா அப்பாவிடம் சொன்னது வேறு.

"குடல்ல புண்ணாம். வேளாவேளைக்குத் துன்னாம சுத்திகினு இருந்தா வராதா பின்ன?"

அன்றிலிருந்து வீட்டில் அதுதான் உண்மை. அட்டையில் இருக்கும் பெயரை அவர் படித்துவிடக் கூடாதென்று அம்மா மாத்திரைகளைப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். "தெரிஞ்சா அன்னிக்கே போய்டுவாரு" என்பாள்.

அப்பா பருத்திப்பட்டில் பிறந்தவர். பெற்றோர் வயல் கூலிகள். அவர் அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவும் ஒப்பந்த வேலைக்குப் போனார். காண்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் அதே ரப்பர் பூட்ஸோடு நின்றார். வெற்றிலை எச்சில், வேர்க்கடலைத் தோல், சில நாள் வாந்தி. நாங்கள் எங்காவது ரயிலில் போனால் உட்காருவதற்கு முன் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பார். "இன்னா தேடற?" என்று அம்மா கேட்டால், "எவன் கழுவுனான்னு பாக்கறேன்" என்பார். அதட்டிப் பேசத் தெரியாது. கேலி மட்டும் வரும்.

கவிப்பிரியா ஆவடியில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. செய்ததையெல்லாம் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றுவதும் அவள் வேலை. ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டுக் கிளம்ப நேரமாகிறது என்று, யூடியூப் பார்த்து அவளே ஒரு வழி செய்தாள். கம்ப்யூட்டரில் 'முடிஞ்சது' என்று ஒரு ஃபோல்டர். அதில் படமோ வீடியோவோ எது விழுந்தாலும் ஒரு சின்ன புரோகிராம் எடுத்து, கடையின் போன் நம்பரைச் சேர்த்து, தானாகப் பக்கத்தில் ஏற்றிவிடும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

அப்பாவுக்கு அதில் பெருமை. படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு அந்தப் பக்கம்தான் பொழுதுபோக்கு. புதிதாக ஏதாவது ஏறினால் அவர் போனில் மணி அடிக்கும்படி தங்கையே வைத்துக் கொடுத்திருந்தாள். முதல் லைக் அவருடையது. கண்ணீர் அஞ்சலிக்கும் சிவப்பு இதயம் போடுவார்.

"சாவுக்கு ஹார்ட்டு போடாத நைனா. பார்ட்டி சண்டைக்கு வருது."

"செத்தவரு ஒண்ணும் சொல்லலியே."

ஒருநாள் பார்க்க வந்த பாபு மாமா, போகும்போது தங்கையை வாசல் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார். எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் ஐஸ் பெட்டி வருவதற்குள் தெருமுனையில் பேனர் நின்றாக வேண்டும்.

"அன்னிக்கு உன்னால உக்காந்து செய்ய முடியாது பாப்பா. இப்பவே ரெடி பண்ணி வெச்சிடு. தேதிய மட்டும் அப்பறம் போட்டுக்கலாம்."

அவளுக்கு இது புதிதல்ல. ஆஸ்பத்திரியில் இருப்பவரின் படத்தோடு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. வேறு யாரோ அப்பாவின் முகத்தை வெள்ளையடித்து வைப்பதைவிடத் தானே செய்வது மேல் என்று நினைத்தாள். ஷெட்டில் அப்பாவோடு வேலை பார்த்த அன்வர் பாஷா, தன் மகள் கல்யாணத்தில் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற படம் ஒன்று இருந்தது. பாஷாவை வெட்டி, கையை அழித்து, சட்டை மடிப்பை நேராக்கினாள். 'தோற்றம்' என்பதற்குக் கீழே பிறந்த தேதி. 'மறைவு' என்பதற்குக் கீழே வெறும் புள்ளிகள்.

முகத்தின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க அதைப் படமாகச் சேமித்தாள். அதற்கு முன் சேமித்தது ஒரு காதுகுத்து பேனர். அது போன 'முடிஞ்சது' ஃபோல்டருக்கே இதுவும் போனது. அவள் கவனிக்காமல், மெஷினில் ரோல் மாற்ற எழுந்து போனாள்.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, நம்ம படம் வந்துகீது."

"எதுல நைனா?"

"உங்க கடப் பக்கத்துல. கண்ணீர் அஞ்சலின்னு போட்டுக்கீது. இன்னா, வெளாட்டா?"

அவள் ஓடிவந்து பதிவை நீக்கினாள். அதற்குள் யாரோ ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருந்தார். அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். சும்மா செய்து பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவள் அதைச் சொல்வதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"தோள் மேல பாஷா கை இருந்துச்சே, எங்க காணம்?"

"உயிரோட கீறவங்க கை சாவு பேனர்ல வரக்கூடாது நைனா."

வருகிற பார்ட்டிகளிடம் எல்லாம் சொல்கிற பதில். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. போனில், வீட்டில் அம்மா மிக்ஸியில் எதையோ அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தேதி போடாம வுட்டுக்கீறியே," என்றார் அப்பா. "டாக்டரு எப்போன்னு சொன்னாரா?"

தங்கை அழுதாள்.

"அழுவாத. கடையில நாலு பேர் பாப்பாங்க. தோ பாரு, எனக்குத் தெரியும்னு அம்மாக்குத் தெரிய வேணாம். அது தாங்காது. எனக்குக் குடல் புண்ணுதான். இன்னா?"

மிக்ஸி நின்றதும் போனை வைத்துவிட்டார்.

இரங்கல் எழுதியவரை அழைத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தங்கை கெஞ்சினாள். அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தச் சின்ன அறையில் அம்மா அப்பாவிடம் மறைத்தாள், அப்பா அம்மாவிடம் மறைத்தார். "புண்ணு ஆறுனாப்ல கீது வல்லி" என்பார் அம்மாவிடம். மாங்காட்டு அம்மனுக்கு நடந்தே வருவதாக அம்மாவையே வேண்டிக்கொள்ளச் சொன்னார். வலியில் முகம் கோணும்போது, "ஆறச்சொல்ல அரிக்கும் இல்ல, அதான்" என்று சமாளித்தார். போகிற மனிதர் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடியது எதையும் அவர் சொல்லவில்லை. பாஷா வந்து உட்கார்ந்திருந்த நாட்களிலும் ஷெட் கதைதான்.

அம்மா குளிக்கப் போகும்போது தங்கைக்குப் போன் செய்வார். அவள் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று கேட்பாள்.

"வாயக் கட்டுவாங்க இல்ல, ரொம்ப இறுக்க வேணாம்னு சொல்லு."

இன்னொரு நாள், "பயமா கீது பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் அம்மா எடுத்துவிடுவாளோ என்று அவள் கூப்பிடவில்லை.

ஒரு பிற்பகல், அம்மா தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கும்போது உயிர் போனது. பேனரில் தேதியைத் தங்கைதான் போட்டாள். காரியம் எல்லாம் முடிந்த பிறகு இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா ஒன்றையேதான் சொல்கிறாள். இன்று பாஷாவும் அவர் மனைவி நசீம் பானுவும் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களிடமும் சொன்னாள்.

"கடைசி வரிக்கும் அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நிம்மதியாப் போய்ட்டாரு. நாங்க யாரும் வாயத் தொறக்கல."

"அதுவே பெரிய விசயம்மா," என்றார் நசீம் பானு.

அம்மா தங்கை பக்கம் திரும்பினாள். "இவளக் கேளுங்க. அவருக்கு எதனா தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றாள் தங்கை.