எடை போடாத சிலிண்டர்

நரசிம்மலு வீட்டுக்குச் சமையல் காஸ் போட வருகிறவர் தராசு இல்லாமல் வந்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். சிலிண்டரைத் தொங்கவிட்டு எடை பார்த்து, அதில் பொறித்திருக்கும் எடையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் நரசிம்மலு வாசலைவிட்டு நகருவார். பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் சரிபார்ப்பு வேலை பார்த்த முப்பது வருஷமும் இதே கதை. எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கான காரணம் சரவணம்பட்டியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரோடு கடற்படையில் சேர்ந்து, அவரோடே திரும்பிவந்த கிருபாசங்கருக்கு.

1971 டிசம்பர்ப் போரின்போது இருவருக்கும் இருபது வயது. கிழக்குக் கரையில் ஒரு கடற்படை விமானத் தளத்தில், விமானிகளின் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பராமரிப்பது இவர்கள் வேலை. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் சின்னதாக ஒரு காஸ் சிலிண்டர் இருக்கும். கடலில் விழுந்தவர் கயிற்றை இழுத்தால் காஸ் பாய்ந்து ஜாக்கெட் உப்ப வேண்டும். உள்ளே காஸ் இருக்கிறதா, கசிந்துவிட்டதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது, எடை போட்டால்தான் தெரியும். போட்டவர் எடையை அட்டையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஒரு நாள் நாற்பது ஜாக்கெட்டுகள் வந்து குவிந்தன. ஆளுக்கு இருபது. சீக்கிரம், சீக்கிரம் என்று மேலதிகாரி கத்திக்கொண்டிருந்தார். நரசிம்மலு கடைசி நாலைந்தை எடை போடவே இல்லை. சிலிண்டரில் பொறித்திருந்த எடையைப் பார்த்து அப்படியே அட்டையில் எழுதிவிட்டார்.

மூன்றாம் நாள், நீர்மூழ்கியைத் தேடிப் போன விமானம் ஒன்று கடலில் விழுந்தது. இரண்டு பேரை உயிரோடு மீட்டார்கள். மூன்றாமவரின் ஜாக்கெட் உப்பவில்லை, மூழ்கிப்போனார். சிலிண்டர் காலி என்று தளம் முழுக்கப் பேச்சு. அதிகாரிகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் போர் முடிந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

கிருபாசங்கரிடம் மட்டும் நரசிம்மலு உண்மையைச் சொன்னார். "நா இருபதையும் எடை போட்டுப்போட்டேன்டா" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை ஐம்பத்து நாலு வருஷமாக நரசிம்மலுவை வறுத்தெடுத்தது. அவன் போட்டிருந்தால் தப்பு யாருடையது?

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பேசியது சாய்ப்ரியா. பக்கத்துக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர், கடற்படை விமானிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்காக நண்பர்கள் இருவரிடமும் ஏற்கெனவே பேசியிருந்தார்.

"ஐயா, அந்த ஜாக்கெட் அட்டையோட நகல் கெடச்சிருச்சுங்க."

"பேரு போட்டிருக்குதுங்களா அம்மணி?"

"இருக்குதுங்க. போன்ல வேண்டாங்க. ஞாயித்துக்கெழம நேர்ல வாரேன்."

இரண்டு நாளும் நரசிம்மலுவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவி வெங்கடம்மாளிடம் புளுகினார். அவரும் நம்பிச் சீரகத் தண்ணீர் வைத்துக்கொடுத்தார். செத்தவருக்குக் குழந்தை இருந்ததா என்பதுகூட இவருக்குத் தெரியாது. கேட்கப் பயந்தே காலம் போய்விட்டது.

ஞாயிறு காலையில், நரசிம்மலு போனில் சொன்னதைக் கேட்டுக் கிருபாசங்கர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கண் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, எழுத்து ஒன்றும் தெரியாது. "உன்னையத் தனியா உட்டுட்டு எப்படிடா இருக்கறது" என்று சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாய்ப்ரியா வந்தார். கிருபாசங்கரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, காகிதத்தை நரசிம்மலுவின் கையில் மட்டும் கொடுத்தார். நரசிம்மலு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சிலிண்டர் எண். எடை. தேதி. கீழே கையெழுத்து.

கிருபாசங்கர்.

உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி ஓடியது. வாய்விட்டுச் சிரித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, இருபதையும் போட்டேன் என்றாயே! என் வாழ்நாள் பூராவையும் தின்றாயே!

"என்னடா போட்டிருக்குது?" என்றார் கிருபாசங்கர். சோபாவின் கைப்பிடியை அவர் இறுகப் பிடித்திருந்ததை நரசிம்மலு பார்த்தார்.

இந்தப் பாரம் எப்படி நசுக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுபத்து நாலு வயதில், கண்ணில் மருந்தோடு உட்கார்ந்திருப்பவனிடம் இதைத் தூக்கிக் கொடுப்பதா?

"என்னோட கையெழுத்துதான்டா" என்றார்.

சாய்ப்ரியா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நரசிம்மலு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

கிருபாசங்கரின் பிடி தளர்ந்தது. நண்பனின் தோளைத் தடவித் தேடிப் பிடித்து, "உடுறா, போர் நேரம்" என்றார். பிறகு சாய்ப்ரியா இருந்த பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

"அம்மணி, அந்தப் பேர மட்டும் பொஸ்தகத்துல போட்டுறாதீங்க. ரொம்ப நல்லவனுங்க."

"போடலீங்க ஐயா" என்றார் சாய்ப்ரியா.