கறார் விலைப் பலகை

என் வீட்டுப் பரணில் ஒரு நீலத் தகரப் பலகை கிடக்கிறது. ‘கறார் விலை. பேரம் இல்லை’ என்று அதில் வெள்ளை எழுத்து. விருதுநகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தம் கடையிலிருந்து கழற்றிவந்து என்னிடம் கொடுத்தது. வக்கீலுக்கு எதற்கய்யா ஜவுளிக்கடைப் பலகை? ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். ஒரு காலை முதலாளி மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார். அறுபது ரூபாய்ப் பட்டுச்சேலையில் கடைப் பையன்கள் பதினெட்டு ரூபாய்ச் சீட்டைக் குத்திவைத்திருக்கிறார்கள். விஸ்வநத்தத்து அம்மாள் ஒருத்தி அந்த விலைக்கே வேண்டும் என்று கடையில் உட்கார்ந்துவிட்டாளாம். “கொடுத்துத்தான் ஆகணுமா, வக்கீலய்யா?” என்றார். எனக்குச் சட்டம் படித்த சூடு அப்போது ஆறவில்லை. சீட்டு விலை வாங்க வாருங்கள் என்ற வெறும் அழைப்புத்தான், நீங்கள் சம்மதித்தால்தான் ஒப்பந்தம், தாராளமாக மறுக்கலாம் என்று வெளுத்துக் கட்டினேன். நிம்மதியாக வாசல்வரை போனவர் அப்படியே நின்றார்.

“அப்ப அந்த அறுவது ரூவாச் சீட்டு எங்கன போச்சு?”

கடைக்கு ஓடி விசாரித்தோம். பதினெட்டு ரூபாய்ச் செயற்கைப் பட்டில் அந்தச் சீட்டு குத்தியிருந்து, முந்தின நாளே அறுபதுக்கு விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் தாயில்பட்டிப் பட்டாசுத் தொழிலாளி. மகன் கல்யாணத்துக்குப் பட்டாசு ஆபீசில் முன்பணம் வாங்கி வந்த காசு. தெரியாமல் கூடுதலாக வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், அது சட்டம் என்றேன். அதெல்லாம் முதலாளி காதில் ஏறவில்லை. “வேற கடைன்னா அடிச்சுப் பேசி இருவதுக்கு முடிச்சிருப்பாரு. நம்ம போர்டைப் பாத்துட்டுல்ல வாயைத் தொறக்காமப் போயிருக்காரு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். விஸ்வநத்தத்து அம்மாளுக்குப் பதினெட்டுக்கே பட்டைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் தாயில்பட்டிக்குப் போனால் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது. எங்களைக் கண்டதும் அந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பந்தியைக் கூப்பிட்டு, “கடைக்காரகளே வந்திருக்காக பாருங்க. அறுவது ரூவாப் பட்டுன்னு நான் சொன்னது பொய்யா?” என்றார். மணப்பெண் அந்தச் சேலையில்தான் நின்றுகொண்டிருந்தாள். இந்தச் சபையில் எப்படிச் சொல்வது? முதலாளி பையில் கொண்டுவந்த நாற்பத்திரண்டு ரூபாயை அப்படியே மொய்யாக வைத்துவிட்டார். பணமும் போய்ச் சேர்ந்தது, தொழிலாளி மானமும் தப்பியது, பலே ஆள் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து முதலாளி மகளுக்குக் கல்யாணம். கேள்விப்பட்டு அந்தத் தொழிலாளி வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நாற்பத்திரண்டோடு எட்டுச் சேர்த்து ஐம்பது ரூபாய் மொய் வைத்தார். “ஆபீசுல மறுபடியும் முன்பணம் கேட்டேன், மொதலாளி. வாங்குன மொய்யைத் திருப்பாதவன் மனுசனா? இன்னைக்குத்தான் எனக்குப் பாரம் எறங்குச்சு” என்றார்.

மொய் வாங்கினால் திருப்பியாக வேண்டும் என்பது எங்கள் சீமையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அது தோன்றவே இல்லையே. வந்த மொய்யை வேண்டாம் என்பது செருப்பால் அடித்த மாதிரி. முதலாளி கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

“இதுக்கு என்ன சட்டம், வக்கீலய்யா?” என்று என் காதருகே கேட்டார்.

மறுநாள்தான் பலகையோடு வந்தார். இப்போது எல்லாக் கடையிலும் கறார் விலைதான். டப்பாவிலேயே விலை அச்சடித்து வருகிறது. என் பேத்தி கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் காசை நீட்டும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது.