கடுகுத் தலையணை

பூவம்மாளின் சேவல் கூவினால்தான் பம்பாய் மெயில் திருத்தணியைத் தாண்டும் என்று குளத்துத் தெருவில் சொல்வார்கள். யுத்த காலத்தில் மெயில் தாமதமானபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் அனுப்பிச் சேவலை விசாரித்தார் என்பது பிற்சேர்க்கை. அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. ஆனால் ஊசி விஷயம் நடந்தது.

பூவம்மாள், ரயில்வே கேங்மேன் கண்ணையனின் மனைவி. பிள்ளை இல்லை. தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவள் கையால் தைத்த இரண்டு பொருள் போய்ச் சேரும். ஒன்று, பழம்புடவைத் துண்டுகளை ஒட்டித் தைத்த விரிப்பு. மற்றது, கடுகு நிரப்பிய சின்னத் தலையணை. கடுகு தலைக்குத் தக்கபடி நகர்ந்து கொடுக்கும். தலை ஒரு பக்கம் தட்டையாகாது. புடவை என்றால் எந்தப் புடவையும் ஆகாது. பெற்ற பிள்ளைகள் அத்தனையும் உயிரோடு இருக்கிற பெண்ணின் புடவையாக இருக்க வேண்டும். கூடையில் முட்டையை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய், முட்டையைக் கொடுத்துக் கிழிசல் புடவை வாங்கி வருவாள். அவள் கோழிகள் முட்டையிட்டதே தெருப் பிள்ளைகளின் தலை உருண்டையாவதற்குத்தான்.

நாற்பத்து நான்கில் துணிக்குக் கூப்பன் வந்தது. சீமை ஊசி கடையிலிருந்தே மறைந்துவிட்டது. பூவம்மாளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஊசி. வேலை முடிந்ததும் அதை நூலோடு பாயின் ஓரத்தில் குத்தி வைப்பாள்.

அந்த ஐப்பசியில், மணவூரில் இருந்த அவள் நாத்தனார் மணியம்மையின் மகள் கோமளவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலில் போடுவதற்குள் போய்விட்டன. பூவம்மாள் சிவப்பு நூல் கோத்துத் தலையணையைத் தைத்து, கண்ணையன் கையில் கொடுத்தனுப்பினாள். அவன் திரும்பி வந்த மறுநாள் வேறொரு வீட்டுக் குழந்தைக்கு விரிப்புத் தைக்க உட்கார்ந்தாள். பாயில் ஊசி இல்லை.

பாயை உதறினாள். குப்பையை முறத்தில் அள்ளிப் புடைத்தாள். சாணித் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுவர் வரை போனாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். தலையணையின் வாயைத் தைத்து மூடி நூலைப் பல்லால் கடித்தது நினைவிருந்தது. ஊசியைப் பாயில் குத்தியது நினைவில் இல்லை.

"எங்கனா விழுந்து இருக்கும்" என்றான் கண்ணையன்.

"இல்ல. புள்ள தலைக்கடியில கீது."

அவன் பீடியைக் கீழே வைத்தான். "இதை வெளியில சொல்லிடாதே. தவறி வுழுந்துச்சுன்னு அக்கா நம்பாது. நீ வெச்சேன்னுதான் சொல்லும்."

கையை வீசிக்கொண்டு போக முடியுமா? பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கக் கோழி கொண்டு போவதாக ஏற்பாடு. கோழிகள் அவளைக் கண்டதும் ஓடின. கருங்கோழி ஒன்று மட்டும் மூலையில் சிறகைத் தொங்கவிட்டு நின்றது, கைக்கு அகப்பட்டது. மற்ற நாளாக இருந்தால் அதன் கண்ணைப் பார்த்தே நோய் சொல்லியிருப்பாள். அன்று அவள் கண்ணில் கோழி படவில்லை.

அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். பட்டாள ஸ்பெஷல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாசஞ்சரை ஓரம் கட்டிவிட்டார்கள். பொழுது இறங்கியது. பையிலிருந்து தலையை நீட்டிய கருங்கோழி, சத்தமில்லாமல் அலகைத் திறந்து திறந்து மூடியது. அவள் மணவூரில் இறங்கியபோது வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

விளக்கு வைத்த பிறகு ஊசியை யாருக்கும் கொடுப்பதில்லை. அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் சொன்னால் அது சாபம்.

"இன்னாடி பூவம்மா, இருட்டுற நேரத்துல? தம்பிக்கு ஒன்னும் இல்லியே?" என்றாள் மணியம்மை.

"இல்லீங்க அண்ணி. கோமளாவுக்குச் சாறு வெக்கக் கோழி."

"இன்னைக்குக் கிருத்திகை. முருகன் காலடியில குந்திக்கினு அதைக்கூட மறந்துட்டியா? கூடையைப் போட்டுக் கவுத்து வை. காலையில பாக்கலாம்."

உள்ளே குழந்தை அந்தத் தலையணையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தலகாணியைக் கொஞ்சம் குடுங்க அண்ணி. தையல் பிரிஞ்சாப்பல கீது."

"நல்லாத்தான் கீது. குடுத்த பொருளை வந்து கேக்கிறது எந்த ஊரு வழக்கம்?"

"அத்தை, இப்பதான் தூங்கினான்" என்றாள் கோமளவல்லி.

பூவம்மாள் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கும் தலையணைக்கும் நடுவே தன் கையை நுழைத்துக்கொண்டாள். குத்தினால் தன் கையில் குத்தட்டும். விடியும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அசைகிற ஒவ்வொரு கடுகும் முனையாகத் தோன்றியது. வாசற்படியில் படுத்திருந்த மணியம்மையும் கண்ணை மூடவில்லை. பெறாதவளின் கை, பேரனின் தலைக்கடியிலேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் வந்ததும் பூவம்மாள் தலையணையை முற்றத்துக்குக் கொண்டுபோய் முறத்தில் பிரித்துக் கொட்டினாள். கடுகு. விரலால் அளைந்தாள். கடுகு மட்டுமே.

"ஊசி அண்ணி. என் ஊசி இதுல விழுந்துட்டுதோன்னுதான் பயந்து ஓடியாந்தேன்."

மணியம்மை சிரித்துவிட்டாள். "அடிப் பைத்தியமே. நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"விளக்கு வெச்சப்புறம் எப்படிங்க சொல்றது?"

"ஆங், அதுவும் சரிதான். குந்து. சாறு வெச்சுக் குடிச்சிட்டுப் போவலாம்." ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து முதல் தடவையாகப் பூவம்மாள் சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

கோழியை அறுத்தவள் மணியம்மைதான். இரைப்பையைப் பிளந்தபோது அரிவாள்மணை எதிலோ உரசிக் கிரீச்சிட்டது. இரைப்பையின் உட்சுவரில் குறுக்காகக் குத்தி நின்றது ஊசி. அதைச் சுற்றிச் சிவப்பு நூல்.

எல்லாக் காக்கைகளும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டன என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம்.

"நூலைப் புழுன்னு கொத்தி இருக்கும்மா. அது கூடவே இதுவும் போயிருக்கும்" என்றாள் கோமளவல்லி.

"இத்தினி கோழியில கருங்கோழியா கொத்திச்சு?" மணியம்மையின் குரல் உயரவில்லை. "கருங்கோழி, செவப்பு நூலு, குத்துன ஊசி. கிருத்திகை அன்னிக்கு, பொழுது சாய்ஞ்சு, தேடிக் கொண்டாந்து குடுத்தவ இவ. இதுக்கு இன்னா பேருன்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணி, தலகாணியை மறுபடி தைச்சுக் குடுத்துட்டு—"

"கோமளா, புள்ளையைத் தூக்கிக்கினு உள்ள போ."

கோமளவல்லி தூக்கிக்கொண்டாள். பிள்ளை இருமியது. முதலில் ஒரு தரம், பிறகு தொடர்ந்து. அதுவரை அத்தைக்காகப் பேசியவள், முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடி, கதவைச் சாத்தினாள்.

பூவம்மாள் ஊசியைக் கழுவினாள். வேறு ஊசி கிடைக்காது. ரவிக்கையில் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. கண் பட்டதற்குச் செய்வதுபோல, அவள் தலையணைக் கடுகை மிளகாயோடும் உப்போடும் நெருப்பில் கொட்டினார்கள். அது வெடிக்கிற சத்தம் தெரு முனை வரை அவளோடு வந்தது. மிளகாய் நெடியும் வந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்தது. கடுகை எரித்ததால்தான் பிழைத்தான் என்று மணியம்மை கடைசி வரை சொன்னாள். மணவூரிலிருந்து அந்தச் சொல், பாசஞ்சரைவிட வேகமாகத் திருத்தணிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முறை பூவம்மாள் முட்டைக் கூடையோடு தெருவில் போனபோது, கொடியில் காய்ந்த பழம்புடவைகளை ஒவ்வொரு வீட்டிலும் உருவி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.