கடிபட்ட மஞ்சள் கயிறு

மயிலாத்தாளுக்கு மனசு பதறினால் வாய் சும்மா இருக்காது. சின்ன வயசில் கட்டைவிரலைச் சூப்பினாள். வேப்பெண்ணெய் தடவி நிறுத்தினார்கள். கல்யாணமாகிப் பல்லடத்துக்கு வந்த பிறகு, கழுத்தில் கிடந்த தாலிக்கயிறு அகப்பட்டது. தறி ஓடும்போது கரண்ட் போனால் கடிப்பாள், மகன் பள்ளிக்கூடம் விட்டு வரத் தாமதமானால் கடிப்பாள். மற்ற பெண்கள் ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு கயிறு மாற்றினால், இவளுடையது தைப்பொங்கலுக்குள் நைந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு கிராம்பை வாயில் அடக்கிப் பார்த்தாள். அதன் காரம் போனதும் கயிறு தானாகப் பல்லுக்கு வந்துவிடும்.

புருசன் மாரப்பனின் வாய் மட்டும் விரதமாகவா இருந்தது? பல் விளக்கியதும் ஒரு சிகரெட், டீக்கு ஒன்று, தறியில் நூல் அறுந்தால் ஒன்று. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆம்பளை, பாவம், தொழில் கவலை. இவளுக்குக் கவலையே கிடையாதாக்கும்!

தொண்ணூற்றாறாம் வருசத்தில் மாரப்பன் இருமி இருமி ரத்தம் கக்கினான். கோயமுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விடாவிட்டால் ஆள் தங்காது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். மாரப்பனின் அக்கா, இவளுடைய நங்கையா, வள்ளியாத்தாளுக்கு அது காதில் ஏறவில்லை.

"தாலியப் பல்லுல கடிச்சா புருசன் உசுரு நிக்குமா அம்மணி? ஆனைமலைக்கு வா. இனிக் கடிக்கமாட்டேன்னு மாசாணியாத்தா முன்னால சத்தியம் பண்ணிப்போடு."

சிகரெட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே என்று மயிலாத்தாளுக்கு ஆத்திரம். இருந்தாலும் மூவருமாகப் போனார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாரப்பன் டீக்கடையோரம் ஒதுங்கிப் பற்றவைத்தான். அக்கா பார்த்தாள், பார்க்காதவள் போல் கோயிலுக்குள் நடந்தாள். அங்கேதான் மயிலாத்தாளுக்குப் பொறுமை போயிற்று.

அநியாயம் செய்தவர்கள் மேல் அம்மனிடம் முறையிட்டு, மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவது அந்தக் கோயில் வழக்கம். சத்தியம் செய்ய வந்தவள் மிளகாயை வாங்கிக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள்.

வள்ளியாத்தாள் பதறி ஓடிவந்தாள். "ஏனம்மணி, ஆருக்கு அரைக்கற?"

"பயப்படாதீங்க நங்கையா, உங்களுக்கு இல்லீங்க. உங்க தம்பி வாயில இருக்கற சிகரெட்டுக்குங்க. நான் கயித்தத்தானுங்க கடிச்சேன். அது எந் தாலியவே அறுக்குதுங்க."

வள்ளியாத்தாள் விடுவிடுவென்று வெளியே போய், தம்பியின் உதட்டிலிருந்ததைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். இருபது வருசத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.