துணி பீரோவைக் காலி செய்தது

ஜனவரி பிறந்தால் நான் துணி பீரோவைக் காலி செய்து மறுபடி அடுக்குவேன். புடவை பீரோ இல்லை. வெட்டுத்துணி பீரோ. தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து இடுப்பு போனவள் நான். அங்கே கற்றுக்கொண்டதுதான் ஒட்டுத்துணிப் போர்வை. சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பழைய புடவையும் அடியில் ஒரு முழுத்துணியும் வைத்து, மூன்றும் நகராமல் மேலே வரிசையாகத் தையல் ஓட்ட வேண்டும். வேலையை விட்ட பிறகும் துணி வாங்குவதை விடவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் காய்கறி மறந்துபோகும், கட் பீஸ் மறக்காது. வருஷம் முழுக்க வாங்கித் திணித்ததை ஜனவரியில் வெளியே இழுத்து, காட்டன் தனி, கலப்படம் தனி, வெளிர் தனி, அடர் தனி என்று பிரித்து, பாச்சை உருண்டை போட்டு உள்ளே வைப்பேன். போகிக்கு ஊரே பழையதை வெளியே எறியும்போது நான் பழையதை மடித்து உள்ளே வைப்பேன். என் வீட்டுக்காரர் இதை வைத்து வருஷா வருஷம் ஒரே கிண்டலைச் செய்வார்.

இந்த வருஷம் அவர் கிண்டல் செய்யவில்லை. மகள் போன் செய்திருந்தாள்.

"அம்மா, நாள் தள்ளிப்போயிருக்கு. டாக்டர் பாத்துட்டாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள். "பொங்கலுக்கு வரேன். ஆனா அந்தத் துணி ஒண்ணுகூட வீட்ல இருக்கக் கூடாது."

"உன் மாமியார் சொன்னாங்களா?"

"நான் சொல்றேன். இருந்தா வர மாட்டேன். அப்புறம் குழந்தை பொறந்தாலும் வர மாட்டேன்."

போனை வைத்துவிட்டாள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எங்கள் பக்கம் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போட மாட்டோம். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழந்துணிதான். அதனால் அவள் அப்பாவின் பழைய வேட்டியை அடியில் வைத்து, என் மஞ்சள் வாயில் காட்டன் புடவையையும் அவள் சின்ன வயதில் போட்ட பச்சைப் பூப்போட்ட பாவாடையையும் வெட்டி, ஒரு சின்னப் போர்வை தைத்தேன். பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு எதுவும் செய்து வைக்கக் கூடாது என்பதும் எங்கள் பக்கம் உண்டு. எனக்குத் தெரியும். பழந்துணிதானே, கடையில் வாங்கியதில்லையே, இது கணக்கில் வராது என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "மூலைல இன்னொரு பூ வர மாதிரி வைம்மா" என்று சொன்னாள். வைத்தேன்.

எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. ரத்தக் கொதிப்பு ஏறியதால் என்று டாக்டர் சொன்னார். தமிழில்தான் சொன்னார், எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். சம்பந்தியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "பொறக்கறதுக்கு முன்னாடியே துணி தெச்சா வேற என்ன ஆகும்?" என்று கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தக் கொதிப்பைவிட என் தையல் மெஷின் அவர்களுக்கு நம்ப வசதியாக இருந்தது. மகளும் நம்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாமியார் வீட்டுக்குப் போனவள்தான். அதன் பிறகு என் வாசற்படி மிதிக்கவில்லை.

நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அவள் வர வேண்டும். அவள் மறுபடி வயிற்றில் சுமந்துகொண்டு, என்னைப் பார்த்தாலே பயப்படுகிறாள். அந்தப் பயத்தோடு என்ன வாதம் செய்வது? பீரோவைத் திறந்தேன்.

கொடுத்துவிடப் போகிற துணி. அள்ளிச் சாக்கில் போட்டால் போதும். என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து வழக்கம்போலப் பிரித்தேன். காட்டன் ஒரு பக்கம், கலப்படம் ஒரு பக்கம். சுருக்கம் நீவினேன். ஓரம் பிரிந்ததைக் கத்தரித்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"எதுக்கு மடிக்கற? போகிக்கு எரிச்சிடலாமே."

"நீங்க வேணா உங்க சட்டைய எரிங்க. துணிய எவனும் எரிக்கப் போறதில்ல."

அவர் போய்விட்டார். அவர் மேல் எரிந்து விழுந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். வேறு யார் இருக்கிறார்கள் எரிந்து விழ?

என்னோடு கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருந்தவளுக்குப் போன் போட்டேன். பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறாள், கால்மிதி தைத்து விற்கிறாள். அடுத்த நாளே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, வூட்டக் காலி பண்றியா?"

"துணிய மட்டும்."

ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "அடிப்பாவி, இன்னா ஷோக்கா கீது. இதுல கால்மிதி தெச்சா மிதிக்கறவன் கால் வெளங்குமாக்கா?"

"வாய மூடிகினு மூட்டையத் தூக்குடி."

"தூக்கறேன், தூக்கறேன். ஷேர் ஆட்டோக்காரன் ஒண்ணு என்னிய ஏத்துவான், இல்ல இத்த ஏத்துவான்." சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பொண்ணு வருதா?"

தலையாட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை. மூட்டைகளைக் கட்டும்போது கட்டிலில் தனியாக இருந்த சின்னக் கட்டைக் காட்டி, "அது?" என்றாள்.

"அது இல்ல."

"வெச்சிகினு இன்னாக்கா பண்ணப் போற?"

தெரியவில்லை. அந்தப் போர்வைக்கு வெட்டியதில் மிச்சம் அது. மஞ்சள் ஓரங்கள், வேட்டியின் கரை, பாவாடையில் வெட்டாமல் விட்ட பாதி. பீரோவின் அடித்தட்டில் இருந்தது. கையில் எடுத்தவுடன் பிரித்து வைத்த எந்தக் குவியலிலும் அதைப் போட முடியவில்லை. அவளிடம் கொடுத்தால் எவர் வீட்டு வாசலிலோ ஈரக் காலைத் துடைப்பார்கள். கட்டிலிலேயே விட்டுவிட்டேன். நாளைக்கு யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே மகள் வந்துவிட்டாள். போகிக்கு முந்தின நாள். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைப்பதற்கு முன் வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். மெலிந்திருந்தாள். செருப்பைக் கழற்றியவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். காலித் தட்டில் கையைவிட்டுத் தடவிப் பார்த்தாள். ரெய்டுக்கு வந்தவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். பிறகு திரும்பினாள். கட்டிலில் அந்தக் கட்டு.

"இது என் பாவாடைதானே?"

"ஆமாம்."

"அப்ப அந்தப் போர்வையும் இங்கதான் வெச்சிருக்க. எங்க, எடு."

"இங்க இல்ல."

"பொய் சொல்லாதம்மா. எங்க வெச்சிருக்க?"

அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் மயக்கத்தில் இருந்தபோது ஆஸ்பத்திரி ஆயா வெளியே வந்து, "சுத்திக் குடுக்க வூட்டுத் துணி எதனா கீதாம்மா?" என்று கேட்டாள். பையில் அந்தப் போர்வை இருந்தது. கொடுத்தேன். ஒரு தடவையாவது குழந்தையை அவளிடம் காட்டுங்கள் என்று நான் கத்தினேன். பார்த்தால் மனசு தாங்காது என்று எல்லோரும் சேர்ந்து என்னை உட்காரவைத்தார்கள். அவள் கண் விழிப்பதற்குள் அவள் அப்பாவும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் அதைப் பேசவில்லை. என்னைப் பேசவிடவும் இல்லை.

"குழந்தையோட போயிடுச்சுடி" என்றேன். "அதுலதான் சுத்தி எடுத்துட்டுப் போனாங்க."

கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"மூஞ்சி மூடியிருந்துதா?"

"இல்ல. நான்தான் மடக்கிவிட்டேன். தெரிஞ்சுது."

"எப்படி இருந்தா?"

"உன் மூக்கு. தலை நெறைய முடி."

பாவாடைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு ஆசை வந்தது எனக்கு. திருப்பிக் கட்டில் மேல் வைத்தாள்.

"இதையும் எடுத்துடும்மா."

"எங்க வைக்கறது?"

"தெரியல. எனக்குத் தெரியாத எடத்துல."

அவள் அப்பா அதை ஒரு கவரில் போட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் கேட்கவில்லை.

சாப்பிட்டாள். ரசம் சாதம் மட்டும். ராத்திரி தங்குவாள் என்று மெத்தையெல்லாம் உதறிப் போட்டிருந்தேன். சாயங்காலமே மாப்பிள்ளைக்குப் போன் செய்துவிட்டாள். பொங்கலை அங்கேயே வைக்கிறார்களாம். வாசலில் செருப்பு மாட்டும்போது என் கையைப் பிடித்தாள். சமாதானத்துக்கு இல்லை என்பது பிடியிலேயே தெரிந்தது.

"இந்தத் தடவை எதுவும் தைக்காதம்மா. ஒரு பொத்தான்கூட."

"தைக்கல."

"வளைகாப்புக்கு அப்புறமும் அங்கயேதான் இருக்கப் போறேன்."

"சரிடி."

சொல்ல வேறு என்ன இருந்தது? துணியால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். பீரோவைக் காலி செய்த பிறகு அதை எந்த வாயால் சொல்வது? அவள் சொன்னதைச் செய்ததால் அவள் வந்தாள். செய்ததாலேயே, நான் தைத்ததுதான் காரணம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷினை மூடி மேலே பழைய பேப்பர்களை அடுக்கிவிட்டேன். பொங்கல் வந்து போய்விட்டது. குழந்தை பிறக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அதுவரை என் கையை நான் சும்மா வைத்திருக்க வேண்டும். வைத்திருந்து நல்லபடியாகப் பிறந்தால், பார், தைக்காததால்தான் என்பார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். பிறக்கட்டும்.